ஹார்லன் வாசித்த பத்துப் பாட்டு

பாடகி ட்வைலா ப்ரூயிட்டின் ஆறாவது ஆல்பத்தில் பத்துப் பாட்டு. பத்தும் அவளுடைய முன்னாள் கணவன் ஹார்லனைத் திட்டி எழுதியவை. பெயரைச் சொல்லவில்லையே தவிர, பாட்டுக்காரர்கள் ஊரான நாஷ்வில்லில் யாருக்கும் சந்தேகம் வராதபடிதான் எழுதியிருந்தாள். பல் டாக்டரிடம் வேலை பார்த்த பெண்ணோடு அவன் போனது முதல் பாட்டு. போகும்போது நாயையும் கூட்டிக்கொண்டு போனது நான்காவது.

அவள் பாடியதெல்லாம் நன்றாகவே பதிவாகியிருந்தது. பெடல் ஸ்டீல் கிடார்தான் சரிப்படவில்லை. மேஜை மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு, கம்பிகளின் மேல் இரும்புக் கட்டையை இழுத்து வாசிக்கிற வாத்தியம் அது. அது அழாவிட்டால் சோகப் பாட்டு வெறும் புகார்க் கடிதமாகிவிடும். இரண்டு பேரை வரவழைத்துப் பார்த்தார்கள். பிசகில்லாமல் வாசித்தார்கள், அவ்வளவுதான்.

"இதுக்கு இந்த ஊர்ல ஒரே ஆளுதான். யாருன்னு உனக்கே தெரியும்," என்றார் தயாரிப்பாளர் கிளைட்.

ட்வைலா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், வரட்டும், ஆனால் பாட்டு வரிகள் எழுதிய தாள் அவன் கண்ணில் படக்கூடாது என்றாள். காதில் மாட்டுகிற ஹெட்போனைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

ஹார்லன் வந்தான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து, அவள் குரலைக் கேட்டபடி முதல் மூன்று பாட்டுக்கும் வாய் திறக்காமல் வாசித்தான். நான்காவதில் கையை எடுத்துவிட்டான்.

"நாயை நான் கூட்டிட்டுப் போகல, ட்வைலா. அதுவா வந்து வண்டியில ஏறி உக்காந்துக்கிச்சு."

"அப்படி எழுதினா மெட்டுல உக்காராது."

அவன் அந்த வரியைக் கம்பியில் ஒருதரம் வாசித்துப் பார்த்தான். "அதுவும் சரிதான். ஆனா வேகம் ஜாஸ்தியா இருக்கு. சண்டை போடற மாதிரி பாடியிருக்க. நிதானமாப் பாடினாத்தான் ஜனங்க உன் பக்கம் வருவாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரி என்பதில் இன்னும் அதிகமாக வந்தது. வேகத்தைக் குறைத்து மறுபடி பாடினாள். அவன் வாசித்த வாசிப்பில் கடைசி வரியில் அவள் குரல் உடைந்துபோனது. இன்னொரு தடவை பாடுகிறேன் என்று கெஞ்சியும் கிளைட் விடவில்லை. அதையே வைத்துக்கொண்டார்.

ஆல்பம் வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. கடிதங்கள் குவிந்தன. தன் மேல் இரக்கப்பட்டு எழுதியிருப்பார்கள் என்று ட்வைலா ஆசையாகப் பிரித்தாள். அந்தக் கிடார் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறதே, உங்களுக்குக் கேட்கவில்லையா என்று ஓக்லஹோமாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அலபாமாக்காரி ஒருத்தி, அதை வாசிக்கிறவரை எவளோ நன்றாக நோகடித்திருக்கிறாள், அவருக்காகச் சர்ச்சில் ஜெபம் செய்கிறோம் என்றாள்.

ஜனங்கள் கேட்டதால் ஊர் ஊராகப் போன கச்சேரிகளுக்கும் ஹார்லனே வரவேண்டியதாயிற்று. படிக்கப் படிக்க அந்தக் கடிதங்கள் ட்வைலாவின் மனதிலும் வேலை செய்தன. டல்சாவில் மேடைக்குப் பின்னால் அவனிடம் கேட்டேவிட்டாள்.

"நாலாவது பாட்டுல கடைசியா ஒரு இழுப்பு இழுக்கறியே, அப்ப மனசுல என்ன ஓடும்?"

"மேடை வெளிச்சத்துச் சூட்டுல அஞ்சாவது கம்பி சுருதி இறங்கிப்போகும். அது வெளிய தெரியாம மேல கொண்டாரணுமேன்னு ஓடும்," என்றான் ஹார்லன்.

இரண்டு மாதமாக அந்த இழுப்பில் தான் என்னென்ன கேட்டோம் என்று நினைத்து அவள் கூசிப்போனாள். அன்றைக்குக் கச்சேரி பிரமாதமாக அமைந்தது.

அந்த வருட விருது விழாவில் ஆல்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சிறந்த வாத்தியக்காரர் விருது ஹார்லனுக்குக் கிடைத்தது. பல் டாக்டரிடம் வேலை பார்த்த மனைவியை முத்தமிட்டுவிட்டு மேடையேறினான். "ட்வைலா அவ்வளவு கஷ்டப்படலேன்னா இந்த வாசிப்பே வந்திருக்காது. அவங்களுக்கு என் நன்றி," என்று தழுதழுத்தான். அரங்கமே எழுந்து கைதட்டியது. கேமரா ட்வைலாவின் பக்கம் திரும்பியது. அவளும் எழுந்து, சிரித்தபடி தட்டினாள்.

பக்கத்தில் நின்ற கிளைட், இதில் ஒரு பாட்டு தேறுமா என்று காதோரம் கேட்டார்.

"ரெண்டு தேறும்," என்றாள், முகத்துச் சிரிப்பு கலையாமல். "ரெண்டுக்கும் அவனையே இப்பவே பேசி வச்சிடுங்க."