எண் இல்லாத பாகம்

பேருந்தில் உட்கார்ந்ததும் மனைவி விதியைச் சொன்னாள்.

“‘ஒண்ணுமில்ல’ன்னு மட்டும் சொல்லக் கூடாது.”

“சரி.”

“வேற என்ன வேணா பேசுங்க. அந்த ஒரு வார்த்தை வேண்டாம். சொன்னா இருமுவேன்.”

“சரிம்மா, அதுல என்ன இருக்கு, ஒண்ணு...”

அவள் இருமினாள்.

மெக்கானிக்குக்கு அது இருபது வருட வியாதி. ரைஸ் குக்கர், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, எது வந்தாலும் பிரித்துப்போட்டு மூன்று நாள் மல்லுக்கட்டிச் சரிசெய்வார். வாங்க வருகிறவரிடம், “ஒண்ணுமில்ல சார், சின்ன வேலைதான்” என்று நீட்டுவார். ஒன்றுமில்லாததற்கா மூன்று நாள் என்ற முகத்தோடு வந்தவர் போவார். அந்த முகங்களைப் பார்க்க வேண்டியது கடையின் முன்மேசையில் இருக்கும் மனைவி.

இன்று போவது காப்புரிமை அலுவலகத்துக்கு. அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடிய ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. கண்டுபிடித்தவரே ஒன்றுமில்லை என்று சொன்னால் அதோடு கதை முடிந்தது.

அவர் கண்டுபிடித்தது ஒரு தீயணைப்புத் தெளிப்பான்.

மூன்று வருடத்துக்கு முன், அவர்கள் கடைக்கு மேல்மாடியில் இருந்த பைண்டிங் கடையில் குப்பைக்கூடை தீப்பிடித்தது. கூரையில் இருந்த தெளிப்பானின் கண்ணாடிக் குமிழ் சூட்டில் வெடித்தது. தண்ணீர் கொட்டியது. தீ ஒரு நிமிடத்தில் அணைந்தது. தண்ணீர் நிற்கவில்லை. வெடித்த குமிழ் வெடித்ததுதான். குழாயை மூடும் சாவி காவலாளியிடம் இருந்தது. காவலாளி தன் மச்சினன் வீட்டில் இருந்தார். அவர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. தீ தின்றது ஒரு கூடையை. தண்ணீர் தின்றது ஒரு கடையை.

மெக்கானிக் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு ரைஸ் குக்கருக்கு இருக்கிற புத்தி இதுக்கு இல்லையே” என்றார்.

குக்கரின் அடியில் ஒரு காந்தம் உண்டு. சோறு வெந்து தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். குறிப்பிட்ட சூட்டில் காந்தம் தன் பிடியை விடும். சுவிட்ச் டக்கென்று விழும். அவருடைய தெளிப்பானில் தண்ணீரை அடைத்திருக்கும் தகட்டை அப்படி ஒரு காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும். அறையில் தீ என்றால் விடும். தீ அணைந்து ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். தானே திறக்கும், தானே மூடும்.

குழாய்ச் சாமான் செய்யும் தொழிற்சாலைக்காரர் ஒருவர் அதைப் பார்த்தார். “பேட்டன்ட் கிடைச்சா வாங்க, பேசலாம். கிடைக்கலைன்னா வர வேண்டாம். நாங்களே செஞ்சுக்குவோம்” என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

விண்ணப்பத்தை மெக்கானிக் சொல்லச் சொல்ல மனைவி தட்டச்சு செய்தாள். படங்களை அவரே வரைந்தார். ஒன்றரை வருடம் கழித்து ஐந்து ஆட்சேபங்களோடு கடிதம் வந்தது. ஒன்று, காந்தம் விடும் தத்துவம் பழைய ரைஸ் குக்கர் காப்புரிமை ஆவணத்தில் இருக்கிறது. இரண்டு, தானே மூடும் தெளிப்பான் வேறொரு ஆவணத்தில் இருக்கிறது. மூன்று, அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது எவருக்கும் தோன்றும். நான்கு, பக்க எண்கள் தவறு. ஐந்து, படம் மூன்றில் எண் இடப்படாத பாகம் ஒன்று உள்ளது. எண் இட்டு விளக்கவும் அல்லது நீக்கவும். நேர்விசாரணைக்குப் பிறகும் ஆட்சேபங்கள் நீங்காவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

ஐந்தாவதைப் படித்ததும் மெக்கானிக்குக்குச் சந்தோஷம். அந்தப் பாகம் இல்லாமல் படம் மூன்றைப் புதிதாக வரைந்தார். கீழே ‘நீக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“அஞ்சுல ஒண்ணு முடிஞ்சுது பாரு.”

பக்க எண்களை மனைவி திருத்தினாள். மீதி மூன்றுக்கு இருவரிடமும் பதில் இல்லை.

அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, திறக்காத ஒரு ஜன்னல். பரிசோதகர் நாற்பது வயதுப் பெண். அவர் முன்னால் காகிதங்கள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. பென்சில், ரப்பர், தேதி முத்திரை மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன.

மெக்கானிக் உள்ளே வந்ததும் கூரையைப் பார்த்தார்.

“என்ன பார்க்கறீங்க?”

“சிவப்புக் குமிழ் மேடம். அறுபத்தெட்டு டிகிரியில வெடிக்கும். உங்க தலைக்கு நேரா இருக்கு.”

“தெரியும். அதனாலதான் காகிதத்தையெல்லாம் அந்தப் பக்கம் வெச்சிருக்கேன்.”

மனைவிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அது கவலையாகவும் இருந்தது.

மெக்கானிக் பையைத் திறந்து திருத்திய படத்தை எடுத்து நீட்டினார். “மேடம், அஞ்சாவது முடிச்சுக் கொண்டுவந்துட்டேன். முதல்ல இதை வாங்கிக்கிட்டா...”

“வரிசையாப் போவோம்” என்றார் பரிசோதகர். தாளை வாங்கிப் பார்க்காமல் தேதி முத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். “ஒண்ணு முடியாம ரெண்டுக்குப் போக மாட்டேன். என் பழக்கம் அது. மாடல் கொண்டுவந்திருக்கீங்களா?”

மாடல் சாண் அளவு இருந்தது. குட்டைக் குழாய், அதன் வாயில் காந்தம், காந்தத்தில் ஒட்டிய தகடு, தகடு இறங்க இரண்டு கம்பி. மனைவி கைப்பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்துச் சுவரிலிருந்த பிளக்கில் செருகினாள். அரை நிமிடம் சூடு காட்டியதும் டக்கென்று தகடு ஒரு விரற்கடை இறங்கியது.

“எங்க வீட்டுக் குக்கர் சத்தம்” என்றார் பரிசோதகர்.

“அதேதான் மேடம்!” என்றார் மெக்கானிக். முகம் மலர்ந்தது. “அப்படியே அதான். குக்கர் ரிப்பேர் பண்ற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இதுல ஒண்ணு...”

மனைவி இருமினாள்.

“...ஒண்ணு ரெண்டு விஷயம் இருக்கு” என்று முடித்தார்.

பரிசோதகர் எழுதிக்கொண்டார். தலைகீழாகத் தெரிந்தாலும் மனைவியால் படிக்க முடிந்தது. ‘யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.’ நுணலும் தன் வாயால் கெடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கூடவே வந்த தனக்கும் அதில் பங்கு உண்டு என்று தோன்றியது.

“ரெண்டாவது” என்றார் பரிசோதகர். “இந்த ஆவணத்துல தெளிப்பான் தானா மூடுது. தீ அணைஞ்சதும் ஒரு மோட்டார் மூடுது.”

“தீப்பிடிச்சா முதல்ல கரண்ட்டைத்தானே மேடம் நிறுத்துவாங்க? மோட்டார் எதுல ஓடும்?”

பரிசோதகர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதிக்கொண்டார். மனைவிக்கு மூச்சு வந்தது.

“சரி. உங்களுது கரண்ட் இல்லாம மூடும்னு எழுதியிருக்கீங்க. ஆறினா காந்தம் தகட்டை மறுபடி பிடிச்சுக்கும்னு. இப்ப ஆறிடுச்சு.” மாடலைச் சுட்டினார். “பிடிக்கலையே?”

மூவரும் தகட்டைப் பார்த்தார்கள். அது தொங்கிக்கொண்டிருந்தது.

“காந்தத்துக்கு எட்டாத தூரத்துல இருக்கு. ஆறினா என்ன, ஐஸ் வெச்சா என்ன? எங்க வீட்டுக் குக்கர்ல சுவிட்ச் விழுந்தா நான்தான் அழுத்தணும். தானா ஏறாது. இதை யார் ஏத்தி விடுவாங்க? காவலாளியா?”

“தண்ணிதான்” என்றார் மெக்கானிக்.

“எந்தத் தண்ணி?”

“கொட்டற தண்ணி மேடம். அது ஒண்ணுமில்ல...”

மனைவி இருமினாள்.

“...தண்ணியே தூக்கி விட்டுடும்.”

மனைவி மறுபடி இருமினாள்.

“கொஞ்சம் தண்ணி குடிக்கறீங்களா?” என்று அவளைக் கேட்டார் பரிசோதகர். கோப்பையை நகர்த்தி வைத்தார். கண் மெக்கானிக்கை விட்டு அகலவில்லை. “தண்ணி எப்படித் தூக்கும்? கீழ கொட்டறது எப்படி மேல தூக்கும்?”

மெக்கானிக் சட்டைப்பையில் கைவிட்டார். வளைத்து அறுத்த ஒரு கரண்டியை எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் ஒரு துளை இருந்தது.

மனைவிக்கு அதை அடையாளம் தெரிந்தது. காபித்தூள் அளக்கும் கரண்டி. இரண்டு வருடமாகத் தேடுகிறாள்.

“மாடல்ல இருந்துது மேடம். படத்துல நீக்கிட்டு மாடல்ல வெச்சிருந்தா தப்பாயிடுமேன்னு காலையிலதான் கழட்டினேன்.” பரிசோதகரின் பென்சிலை எடுத்து ரப்பரின் மேல் குறுக்கே வைத்தார். பென்சிலின் ஒரு முனையை ஒரு விரலால் அழுத்தினார். மறுமுனை எழுந்தது. “தண்ணி கரண்டியில விழும். அந்தப் பக்கம் தகட்டைத் தூக்கும். வேகமாத் தூக்காது. தண்ணிக்கு வழி விட்டு, காந்தத்துக்குக் கிட்ட கொண்டுபோய் நிறுத்தும். காந்தம் சூடா இருந்தா வாங்காது. ஆறிட்டா வாங்கிக்கும். அவ்வளவுதான்.”



பரிசோதகர் குக்கர் ஆவணத்தைப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை. அடுத்த ஆவணத்தையும் அப்படியே புரட்டினார். மெக்கானிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

“இதுல இல்லை” என்றார் பரிசோதகர். “அதுலயும் இல்லை. சூடுபட்டா விடற காந்தம் எல்லாருக்கும் தெரியும். கொட்டற தண்ணியை வெச்சே மூடறது நான் பார்த்ததில்லை. இத்தனை நாள் ஏன் சார் சொல்லலை?”

“இதைப் போய்ச் சொல்லணுமா மேடம்?”

“வெண்ணெயைச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு நெய்க்கு மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க.” பிறகு அவர் குரல் மாறியது. “ஆனா ஒரு சிக்கல். விண்ணப்பத்துல இல்லாததை இப்ப புதுசா சேர்க்க முடியாது. இது எங்க எழுதியிருக்கு?”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். எழுதியவள் அவள்தான்.

எங்கும் எழுதவில்லை. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ‘இந்தக் கோணலா இருக்கறது என்னங்க?’ என்று தட்டச்சை நிறுத்திக் கேட்டாள். ‘அதை விடு, ஒண்ணுமில்ல’ என்றார். விட்டுவிட்டாள்.

கோணலாக இருந்தது படத்தில். படம் மூன்றில்.

அவளுடைய கண் தேதி முத்திரையின் பக்கம் போனது. பக்கத்தில் திருத்திய தாள் கிடந்தது. நீக்கப்பட்டது. கையெழுத்து.

“மேடம்” என்றாள். “இவர் கொடுத்த அந்தத் தாளை நீங்க வாங்கிட்டீங்களா?”

“அஞ்சாவது இன்னும் வரலையே. முத்திரை போட்டாத்தான் வாங்கினதா கணக்கு.”

“போட்டுட்டா?”

பரிசோதகர் தாளைப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து பழைய படம் மூன்றை உருவி எடுத்தார். பதின்மூன்று பாகங்களுக்கு எண் இருந்தது. நடுவில், எண் இல்லாமல், கரண்டி. துளை, வளைவு, தகட்டைத் தொடும் முனை எல்லாம் இருந்தன. தண்ணீர் விழும் இடத்துக்குச் சின்னதாய் ஓர் அம்புக்குறிகூட இருந்தது. இருப்பதை வரையாமல் விட மெக்கானிக்கின் கைக்குத் தெரியாது. அவர் வாய்க்குத்தான் தெரியும்.

“போட்டுட்டா, இந்தப் பாகம் வேண்டாம்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி” என்றார் பரிசோதகர் மெதுவாக.

மனைவி எழுந்தாள். மேசைக்குக் குறுக்கே கை நீட்டி, திருத்திய தாளை எடுத்து, நான்காக மடித்து, நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

“இந்தா, அது நான் ரெண்டு நாள் வரைஞ்சது” என்றார் மெக்கானிக்.

“சும்மா இருங்க.”

பரிசோதகர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. “இது சேர்ந்தா முதல் மூணும் தீர்ந்துது. நாலாவது. பக்க எண்?”

“சரி பண்ணியாச்சு.”

“அஞ்சாவது. எண் இடப்படாத பாகம். எண் இடறீங்களா, நீக்கறீங்களா?”

“எண் இடறோம்” என்றாள் மனைவி. “பதினாலு.”

“பதினாலு. பேர்?”

மெக்கானிக் யோசித்தார். “பேரெல்லாம் வைக்கலை மேடம்.”

“கரண்டி” என்றாள் மனைவி.

“கரண்டின்னு எழுத முடியாதும்மா.”

“ஏன்? கரண்டிதானே? என் கரண்டிதான் அது.”

பரிசோதகர் பென்சிலை ரப்பரின் மேலிருந்து எடுத்தார். ‘14. கரண்டி வடிவ நெம்புகோல்’ என்று எழுதி, அவளுக்குக் காட்டினார். எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று சொல்லும் முதல் கோரிக்கையிலேயே அதைச் சேர்த்து, படத்தில் இருப்பதை மட்டும் விளக்கி, பதினைந்து நாளில் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகு தனக்கு வேறு ஆட்சேபம் எதுவும் தெரியவில்லை என்றார். இதைக் குறிப்பேட்டிலும் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை முத்திரையும் விழுந்தது.

இருவரும் கதவருகே போனபோது பரிசோதகர் கூப்பிட்டார்.

“சார், எங்க வீட்டுக் குக்கர்ல பத்து நாளா அடிப்பிடிக்குது. காந்தம் போயிருக்குமோ?”

“ஒண்ணுமில்ல மேடம்” என்றார் மெக்கானிக். “பாத்திரத்துக்கு அடியில ஒரு பருக்கை ஒட்டியிருக்கும். துடைச்சு விடுங்க.”

மனைவி இருமவில்லை.

இருவரும் படியிறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மனைவி நின்றாள்.

“உண்மையைச் சொல்லுங்க. வேற எதையாவது ஒண்ணுமில்லன்னு விட்டிருக்கீங்களா?”

“சேச்சே.”

“நல்லா யோசிங்க.”

அவர் யோசித்தார். கைப்பிடியைத் தட்டிக்கொண்டே ஒரு மாடி இறங்கினார். அவளும் கூடவே இறங்கினாள். கீழ்ப்படியில் கால் வைத்ததும் நின்றார்.

“ஒரு ஸ்பிரிங் இருக்கு.”

“படத்துல இருக்கா?”

“இல்லாமலா? எண்கூட இருக்கு. என்ன வேலை செய்யும்னுதான் சொல்லலை.”

அவள் படியிலேயே உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்துப் பிரித்துப் பின்பக்கம் திருப்பினாள். பேனாவை எடுத்தாள்.

“சொல்லுங்க. முதல்லேருந்து.”