நெற்றியில் எழுதிய நேரம்

எல்லையில் சண்டை நடந்த வருஷம் சர்க்கார் நடத்திய முதலுதவி வகுப்பில் பத்து நாள் உட்கார்ந்து படித்தவன், செஞ்சி கடைவீதியில் சீதளநாதன் ஒருவன்தான். ரைஸ் மில் குமாஸ்தா; சமணன் என்பதால் ஊருக்கு அவன் 'நைனார்'. படித்ததைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வராதா என்று ஏங்கினான் என்றே சொல்ல வேண்டும், பாவி மனசு. மறு வருஷமே வந்தது. மில்லில் ஓடுகிற பெல்ட்டில் கூலியாள் அரிகிருஷ்ணனின் வலது கை மாட்டிக்கொண்டது.

எலும்பு தப்பியது, சதை கிழிந்து ரத்தம் பீய்ச்சியடித்தது. ஆளாளுக்குக் கத்தினார்களே தவிர ஒருத்தரும் கிட்டே போகவில்லை. சீதளநாதன் தோள் துண்டை முழங்கைக்கு மேலே கட்டி, முடிச்சில் ஒரு குச்சியைச் சொருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கினான். கட்டு அதிக நேரம் இருந்தால் கை செத்துவிடும்; அதனால் கட்டிய நேரத்தை நெற்றியில் எழுத வேண்டும் என்பது பாடம். மூட்டைக்குக் குறி போடும் கரியை எடுத்து 11-10 என்று எழுதினான். அரிகிருஷ்ணனையும், சேதி கேட்டு ஓடிவந்த அவன் மனைவி அம்மாக்கண்ணுவையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றினார்கள். சீதளநாதனும் ஏறப் போனான்.

"வந்த நெல்ல எவன் எடை போடுவான்?" என்றார் முதலாளி.

அதுதான் நெற்றியிலேயே நேரம் எழுதியிருக்கிறதே என்று நின்றுவிட்டான்.

அரிகிருஷ்ணன் உயிரோடு வந்தான். கை வரவில்லை.

பார்க்கப் போன சீதளநாதனை அம்மாக்கண்ணு வாசலிலேயே மறித்தாள்.

"கட்டிக் கட்டியே கைய சாவடிச்சிட்டீங்களே நைனாரே! கட்டு ரொம்ப நேரம் இருந்துட்டுது, கைய எடுக்கலன்னா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரே சொன்னாரு."

"ரொம்ப நேரமா? ஒரு மணிக்கெல்லாம் போய்ட்டிருப்பீங்களே. நெத்தியில நேரம் எழுதினேனே?"

"அதுவா? இன்னாமோ கருப்பா, அபசகுனமா கெடந்துது. முந்தானையால தொடச்சிட்டு அம்மன் கோயில் திருநீறு பூசினேன். எப்ப கட்டினதுன்னு டாக்டரு கேட்டாரு. சீக்கிரமா பாக்கட்டுமேன்னு, விடியக்காலைலன்னு சொன்னேன். எங்க வூட்டுக்காரரு பொழச்சதே அந்தத் திருநீறாலதான்."

சீதளநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் தின்றவளே நீதான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உள்ளே அரிகிருஷ்ணன் இடது கையால் சோற்றைப் பிசைந்து மடியெல்லாம் சிந்திக்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய்த் தட்டை வாங்கி ஊட்டினாள். அந்தக் கை போனது தன் வாயால்தான் என்று தெரிந்துகொண்டு அவள் தினமும் ஊட்ட வேண்டுமா?

அரிகிருஷ்ணன் மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"இனிமே யாருக்கும் கட்டாதீங்க நைனாரே."

"இல்லப்பா, கட்டமாட்டேன்" என்றான் சீதளநாதன்.