விரைவில் திறக்கப்படும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பலகையிலிருந்து. அதில் இரண்டே சொற்கள்: 'விரைவில் திறக்கப்படும்'. எழுதியது நான்தான், என் சித்தப்பாவின் கடைக்காக, நீலப் பெயின்டில். கல்லூரி மலரில் இதுவரை நான் எழுதிய எட்டுக் கட்டுரைகளைவிட இதற்குத்தான் வாசகர்கள் அதிகம். தெருவே படித்தது. படித்துவிட்டுப் போய்விட்டது.

எட்டு மாதமாகிறது. வெயிலில் நீலம் வெளுத்துப்போக, சென்ற மாதம் அதே எழுத்துகளின்மேல் மறுபடியும் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். என் எழுத்து வாழ்க்கையில் இரண்டாம் பதிப்பு கண்ட ஒரே படைப்பு அது.

(கதைக்குள் அவரைச் சித்தப்பா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பாசம் வந்துவிடும். பாசம் வந்தால் கடையை நானே திறந்துவைத்துவிடுவேன். ஆகவே கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடி.)

2

முதல் தொடக்கம்:

விடியலின் முதல் கதிர் ஷட்டரின்மீது விழுந்தபோது அவர் கண்களில் ஒரு புதிய கனவு—

வேண்டாம். அவர் கடைக்கு வருவதே ஒன்பதரைக்கு.

இரண்டாம் தொடக்கம்:

வென்றவர்கள் எல்லோரும் ஒரு நாள் பயந்தவர்களே. அந்தப் பயத்தை வெல்ல ஐந்து—

இதுவும் வேண்டாம். இந்த மாதிரிப் புத்தகங்கள் அவரிடம் நான்கு இருக்கின்றன. ஃபிரேம் அடுக்கும் அலமாரி ஒரு பக்கம் சாய்ந்தபோது ஒன்றை அதன் காலுக்கடியில் வைத்தார். அன்றிலிருந்து அலமாரி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

இந்த இடத்தில் கல்லூரி மலரின் ஆசிரியர் அக்கா செய்தி அனுப்பினார்: "கதை எங்கடா?"

பதில் போட்டேன்: "விரைவில்."

3

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

கண்ணாடிக்காரர் பதினெட்டு வருஷம் இன்னொருவர் கடையில் வேலை பார்த்தார். முன்னால் முதலாளி, நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு இவர். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது இவர் வேலை. மனிதர்களிடம் பேசுவது முதலாளி வேலை.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, வலது கண் லென்ஸை இடதிலும் இடது கண் லென்ஸை வலதிலும் மாட்டிவிட்டார். வாங்கிப்போனவர் ஒரு வாரம் சாய்ந்த தரையில் நடந்து, படியில் உருண்டு, நெற்றியில் கட்டோடு வந்து நின்று கத்தினார். "எங்க தப்புதாங்க," என்றார் முதலாளி. திரைக்குப் பின்னால் கண்ணாடிக்காரர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அப்புறமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

சொந்தக் கடையில் தப்புச் செய்கிறவரும் அவரே, கத்துவதைக் கேட்கிறவரும் அவரே. இது தெரிந்துதான், புதுக் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு திரை வாங்கி மாட்டினார். முன்னால் ஆளே இல்லாத கடையில், திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

4

தள்ளிப்போடுவதைச் சோம்பேறித்தனம் என்கிறவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. அது முழுநேர வேலை, ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்பு கிடையாது.

ஒன்பதரைக்கு வந்து ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்குவார். முழுதாகத் தூக்கினால் திறந்த மாதிரி ஆகிவிடும். தூக்காவிட்டால் உள்ளே வெளிச்சம் இருக்காது. குனிந்து நுழைவார். ஃபிரேம்களை நிறவாரியாக அடுக்குவார். மறுநாள் கலைத்து, அளவுவாரியாக. அதற்கு மறுநாள் முகவாரியாக: வட்ட முகம், நீள முகம், எதையும் வாங்காத முகம். துடைத்ததையே துடைப்பார். ஆறு மணிக்கு இடுப்பு விட்டுப்போய் வீடு திரும்புவார்.

"என்ன விரைவில், கிளம்பியாச்சா?" என்பார் பக்கத்து லாண்டரிக்காரர். தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

வீட்டில் சித்தி, மன்னிக்கவும், கண்ணாடிக்காரரின் மனைவி, அப்போதுதான் வந்து காலை நீட்டியிருப்பாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை.

"இன்னிக்கு எத்தனை பேர் வரல?"

"எண்ணல."

குத்திக்காட்டுவதற்கு அவளுக்குத் தெம்பில்லை. நிஜமாகவே விசாரித்தாள்.

"வாசலுக்கு விளக்குப் பலகை வரட்டும். வந்ததும் திறந்துடலாம்."

"போன மாசம் நாற்காலி வரட்டும்னீங்க. அது வந்துடுச்சு. நீங்கதான் இன்னும் வரல."*

* இந்த வரி என்னுடையதல்ல, சித்தி சொன்னது. கதையிலேயே நல்ல வரி இதுதான் என்று யாராவது சொல்வதற்குள் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

5

திங்கட்கிழமை பழைய முதலாளி வந்தார். வயதானவர், குனிய முடியாது. ஷட்டருக்கு வெளியே நின்றபடியே பேசினார். உள்ளே இருந்தவருக்கு அவருடைய முழங்கால்களும் செருப்பும்தான் தெரிந்தன.

"ஏம்ப்பா, உள்ள இருக்கியா?"

"இருக்கேங்க."

"உன் ஸ்டூல் அப்படியேதான் கிடக்கு. ஒருத்தன் வேலை கேட்டு வந்துட்டிருக்கான். வெள்ளிக்கிழமை ஆறு மணி வரைக்கும் அவனுக்குப் பதில் சொல்ல மாட்டேன். வர்றதுன்னா வா. இல்லன்னா, எங்கயாவது நல்லா இரு."

மிரட்டியிருந்தால் ரோஷம் வந்திருக்கும். அன்பாகச் சொல்லிவிட்டார். அந்த ஸ்டூலை நினைத்ததும் கண்ணாடிக்காரருக்குக் கைகால் தளர்ந்தது, களைத்தவன் பாயைப் பார்த்த மாதிரி. போய் உட்கார்ந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

எனக்கும் ஒன்று தெரியும். அங்கே திரும்பிப் போனால் பலகையை மூன்றாம் தடவை எழுதித்தரச் சொல்ல மாட்டார். வேறு எந்தப் பலகையும் எழுதச் சொல்ல மாட்டார்.

6

(இங்கே ஒரு திருப்பம் தேவை. தீ விபத்து ஒன்றை யோசித்துப் பார்த்தேன். ஆனால் எரிகிற அலமாரியை அணைக்க—)

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. ஒரு பெண் சுவரைத் தடவிக்கொண்டே வந்து, ஷட்டரில் தலையை இடித்து, திட்டிக்கொண்டே குனிந்து உள்ளே வந்தாள்.

"யாருங்க இருக்கீங்க?"

கண்ணாடிக்காரர் திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கினார். பழக்கப்பட்ட மூச்சுதான்.

"ஒளிஞ்சுக்காதீங்க. ஃபேன் ஓடுது."

வெளியே வந்தார்.

பள்ளி வேன் ஓட்டுகிறவள். காலையில் கண்ணாடிமேல் தானே உட்கார்ந்துவிட்டாளாம். ஃபிரேம் இரண்டு துண்டு, லென்ஸ் இரண்டும் பத்திரமாகக் கைக்குட்டையில். மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

"கடை இன்னும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எட்டு மாதமாக இந்தப் பக்கம் வந்த எல்லோரும் பலகையைப் படித்துவிட்டுப் போனார்கள். இவளால் படிக்க முடியவில்லை. அதனால் வந்துவிட்டாள்.

(இதை நான் கற்பனை செய்திருந்தால் வெட்கப்பட்டுக் கோடு போட்டு அடித்திருப்பேன்.)

கைக்குட்டையை விரித்தாள். இரண்டும் வட்ட லென்ஸ். எது வலது, எது இடது என்று வடிவம் சொல்லாது.

"இதுல எது எந்தக் கண்ணுக்கு?"

"அது உங்களுக்குத்தானே தெரியணும்?"

பதினெட்டு வருஷம் டாக்டர் சீட்டைப் பார்த்துப் பொருத்தியவர். இப்போது சீட்டு இல்லை, முகம் இருந்தது. ஒரு லென்ஸைத் துடைத்து அவளுடைய வலது கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"எப்படித் தெரியுது?"

"நீங்க ஆடுறீங்க."

"கை ஆடுதுங்க. இப்போ?"

"மங்கல்."

"இது?"

"ஆங்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. மறுபடி முதல்ல இருந்து."

ஏழு தடவை மாற்றி மாற்றிக் கேட்டார். ஏழாவது தடவை அவள் கத்திவிட்டாள். "அதான் ஆங்னு சொல்றேன்ல! எத்தனை தடவைய்யா சொல்றது?"

நேருக்கு நேர், நடுவில் திரை இல்லாமல், அவரைப் பார்த்தே கத்தினாள். கண்ணாடிக்காரர் காத்திருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. போய் ஒரு வட்ட ஃபிரேம் எடுத்துப் பொருத்த ஆரம்பித்தார்.

மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு எட்டு நடந்தாள்.

"தரை நேரா இருக்கா?"

"தரை எப்பவும் நேராத்தானே இருக்கும்?" அவள் அவரை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். குனிந்து வெளியே போனாள். நின்றாள். மறுபடி தலையை உள்ளே நீட்டினாள்.

"ஏங்க, விரைவில் திறக்கப்படும்னு போட்டிருக்கு. அப்போ இவ்வளவு நேரம் நீங்க பண்ணது என்ன?"

7

அவர் சொன்ன பதில்:

"திறந்தாச்சும்மா," என்று அவர் கம்பீரமாக—

இல்லை.

"தெரியலம்மா," என்று கண்கள் பனிக்க—

இல்லவே இல்லை. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாலையில் என் அறைக்கு வந்து, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, நான் இதை எழுதிக்கொண்டிருந்த தாள்களின்மேல் அதை வைத்தார்.

"மாத்தி எழுதிடு."

"என்னன்னு?"

"நீதானே எழுத்தாளன்."

"சித்தப்பா, தேதியாவது சொல்லுங்க."

அவர் மணி பார்த்தார். ஐந்து. "எழுதினா காயறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"ம்," என்று எழுந்து போனார். படியிறங்கும் சத்தம் கேட்டது. வாசலில் நின்றது. வாசலிலிருந்து வலது பக்கம் திரும்பினால் பழைய முதலாளி கடை. இடது பக்கம் போனால் பாதி தூக்கிய ஷட்டர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் எழுத வேண்டியிருக்கும். நான் பலகையைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தேன். இப்போது அது வெறும் பலகை.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அவர் வலது பக்கம் போகிறார். உட்கார்ந்ததும் ஸ்டூல் கிறீச்சிடுகிறது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "வந்துட்டியா?" என்று கேட்கிறது. உடம்பு தளர்கிறது. நிம்மதியாகத்தான் இருக்கிறது. இன்னொன்றில் இடது பக்கம். ஷட்டரைப் பிடித்துத் தூக்குகிறார். எட்டு மாதம் இடுப்புக்கு மேல் போகாத ஷட்டர், துருவேறி நடுவில் மாட்டிக்கொள்கிறது. தனியாக முடியவில்லை. "அண்ணே, ஒரு கை குடுங்க," என்று லாண்டரிக்காரரைக் கூப்பிடுகிறார்.

இரண்டையும் கைக்குட்டையில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் வட்டமாகத்தான் இருக்கின்றன. எது எந்தப் பக்கம் என்று வடிவத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கொஞ்சம் முகத்தை நிமிர்த்துங்கள். ஆறு மணிக்குள் சொன்னால் போதும். ஆடுவது நீங்கள் இல்லை, என் கைதான்.

இதில் எப்படித் தெரிகிறது?

இது?