வண்டியைப் பார்த்து நின்ற நாய்

மக்பூல் அகமதுவுக்குக் குறி வராது என்பது ஆம்பூருக்கே தெரியும். அவர் துப்பாக்கியைத் தூக்கினால் பறவைகளுக்கு ஆயுசு கெட்டி என்று அவருடைய தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறவர்களே சிரித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர், சீமைக்குத் திரும்பிய ஒரு ரயில்வே துரையிடமிருந்து வேட்டை நாயை வாங்கி வந்தால் மனைவி வஜீதாவுக்கு எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. விடிந்தும் விடியாமலும் மனுஷர் நாயோடு கிளம்பிவிடுவார். ஜும்மா தொழுகைக்கு நேரம் நெருங்கும்போது வெறுங்கையோடும், கால் நிறைய நெருஞ்சி முள்ளோடும் வந்து நிற்பார். முகம் மட்டும் பெருநாள் பிறையைப் பார்த்தவர் மாதிரி இருக்கும். அந்த முகம்தான் வஜீதாவுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வெள்ளிக்கெழம நானும் வர்றேன்," என்றாள். "அந்த நாய் கண்டுபுடிச்ச காடை ஒண்ணாச்சும் வீட்டுக்கு வரணும். இல்லேன்னா ஜோலார்பேட்டை ரயில்வே கார்டு தானியேல் கேட்டாரே, அவர்கிட்ட அனுப்பிடுங்க. கூட்ஸ் ஷெட்டுக்குக் காவலாச்சும் இருக்கும்."

நாய் வீட்டுக்குள் வருவதில்லை. தொழுகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும். டேனரியில்தான் அதற்குப் படுக்கை. தோல் ஊறும் நாற்றத்தில் கிடக்கிற நாய்க்கு மூக்கு எங்கே வேலை செய்யப்போகிறது என்பது வஜீதாவின் கட்சி. அன்றிலிருந்து மக்பூல் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிடுவார்.

மார்கழிப் பனி மூடிய காலையில் திரை கட்டிய கூண்டு வண்டி பாலாற்று மணலைத் தாண்டியது. வண்டிக்காரன் காசிநாதன் கொள்ளுக் கொல்லையின் ஓரத்தில் மாட்டை நிறுத்தினான். வஜீதா திரையை இரண்டு விரலால் விலக்கிக்கொண்டாள். மலை இருக்கிற இடம் தெரியவில்லை. பனிக்குள் எங்கேயோ மாட்டு மணி கேட்டது.

மக்பூல் நாயின் கழுத்து வாரை அவிழ்த்தார். டாலி ஓடியது.

வெள்ளை நாய். காதுகள் மட்டும் டேனரித் தொட்டியில் மரப்பட்டை ஊறிய தண்ணீரின் செம்பழுப்பு நிறம். தெருவில் பார்க்கும்போது சோம்பேறியாகத் தெரியும் அந்த நாயா இது! காற்றுக்கு எதிரே மூக்கைத் தூக்கிக்கொண்டு, கொல்லையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நெசவுக்காரர் நாடா போலப் போய்ப் போய் வந்தது. காலடிச் சத்தமே இல்லை. பனியில் கரைந்து, வேறு ஓர் இடத்தில் மறுபடி முளைத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வஜீதாவுக்கு, தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

திடீரென்று டாலி நின்றது. ஒரு முன்னங்கால் மடங்கி மேலேயே நிற்க, வால் நேராக நீள, உடம்பு முழுவதும் ஒரே திசையைப் பார்த்தது. அங்கே ஒன்றுமே இல்லை. கொள்ளுக் கொடிதான். ஆனாலும் வஜீதா மூச்சு விடவில்லை. மக்பூல் மெல்ல நடந்துபோனார். கொடிக்கடியிலிருந்து காடைகள் படபடவென்று வெடித்துக் கிளம்பின. துப்பாக்கி முழங்கியது. காடைகள் சௌக்கியமாகப் பறந்து போயின.

"அடச்சே!" என்றாள் வஜீதா. சொன்ன பிறகுதான், தான் யார் கட்சியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே குழப்பமாகிவிட்டது.

மறுபடி தேடல், மறுபடி அந்த நிற்றல், மறுபடி வெடி. பலன் அதேதான். வெயில் ஏறப் பனி விலகியது. ஜும்மாவுக்குள் திரும்ப வேண்டும். மக்பூல் ஒரு புதருக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கி, "காசி! ஒண்ணு விழுந்துச்சுடா! வண்டிய இப்படி ஓட்டிட்டு வா!" என்று கத்தினார். காசிநாதன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மாட்டைத் தட்டினான்.

வண்டி புதரருகே போய் நின்றது. டாலி குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பாதி ஓட்டத்தில் கழுத்து மட்டும் வண்டிப் பக்கம் திரும்பியது. அடுத்த கணம், கால் மடங்கி, வால் நீண்டு, திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

"என்னைய ஏன் இப்படிப் பாக்குது?" வஜீதா பயந்து பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. மாட்டப் பாக்குது," என்றான் காசிநாதன்.

அவள் நகர்ந்த இடத்தில், வைக்கோலுக்கு அடியில், ஏதோ கீச்சென்றது. வஜீதா வைக்கோலை வாரினாள். மூங்கில் கூடை. உள்ளே இரண்டு காடைகள், உயிரோடு.

"மொதலாளிதான் வாங்கியாரச் சொன்னாரு. ஒடுகத்தூர் சந்தைல," என்று காசிநாதன் நொடியில் கைகழுவிவிட்டான்.

மக்பூல் வந்து நின்றார். டாலி இன்னும் அசையவில்லை. தன்னைக் காப்பாற்ற எஜமான் ஒளித்து வைத்ததையே காட்டிக்கொடுத்துவிட்டு, 'சரியா?' என்று கேட்பதுபோல் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"குறி வராதது எனக்குத்தான் வஜீதா," என்றார் மக்பூல். "அது ஒரு நாளும் தப்பு பண்ணதில்ல. நான் சுடறதுக்கு வர்றதில்ல. அது நிக்கிறதப் பாக்கத்தான் வர்றேன். இத உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

வஜீதாவுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த மனுஷர் இத்தனை வெள்ளிக்கிழமையும் இதைத் தனியாகவே அனுபவித்துக்கொண்டிருந்தாரே என்ற பொறாமைதான் எல்லாவற்றையும்விட ஜாஸ்தியாக வந்தது.

"நாய் கண்டுபுடிச்ச காடை வேணும்னுதானே நான் சொன்னேன்? இது யாரு கண்டுபுடிச்சது?"

மக்பூல் டாலியைப் பார்த்தார்.

"தானியேலுக்கு வேற நாய் கெடைக்கும்," என்று சொல்லிவிட்டு, வஜீதா திரையை முழுவதும் தள்ளி வண்டியிலிருந்து இறங்கினாள். ஈரக் கொள்ளுக் கொடி பாதத்தில் சில்லென்று பட்டது. "ஜும்மாவுக்கு இன்னும் நேரம் இருக்கில்ல? துப்பாக்கிய வண்டிலயே வெச்சிட்டு வாங்க."