யாரும் தொடாத எண்பது

விடியற்காலை நாலரை. மெல்பர்ன் மேற்கின் ஜூலைக் குளிர் எங்களுக்கு முன்பே கிடங்குக்குள் வேலைக்கு வந்து நின்றது.

என் கையில் கத்தி. எதிரே, வேண்டாமென்று திரும்பி வந்த பெட்டிகளின் மலை. படுக்கையில் புரண்டபடி போனில் வாங்கித் தள்ளுகிறது ஊர். பொருள் வந்து சேர்வதற்குள் ஆசை செத்துவிடுகிறது. நாய்க்கு மழைச்சட்டை. இருட்டில் ஒளிரும் கழிப்பறை மூடி. மறுபடி விற்பதைவிட அழிப்பது மலிவாம். எந்தத் தேசத்திலோ ஒருத்தி கண் எரியத் தைத்ததைச் சமோவாக்காரன் நான் மணிக்கு நூற்றிருபது வீதம் கிழித்துப் போடுகிறேன். நாகரிகம் என்று இதற்குப் பெயர்.

நாங்களும் யோக்கியர்கள் இல்லை. மறுநாள் வேலை செயலியில் வரும். எப்போது வரும், தெரியாது. முதலில் தொடும் எண்பது பேருக்கு வேலை. மீதி நாற்பது பேர் வீட்டில். அதனால் கோயிலில் கண்மூடி ஜெபிக்கும்போதும் கட்டைவிரல் விழித்திருக்கும்.

நேற்று செஃபினாக்கா வண்டி தள்ளியபடியே போனைப் பார்த்தாள். பின்னால் வந்த ஃபோர்க்லிஃப்ட் அவள் கணுக்காலை நொறுக்கியது.

பசிபிக் தீவுக்காரர்கள் எங்களில் ஒருவர் படுத்தால் ஆஸ்பத்திரி வராந்தா நிறைந்துவிடும். நேற்று மாலை நூற்றிருபது பேரும் அங்கே பாடிக்கொண்டு இருந்தோம். வேலைக்கு அடித்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடியது அதுவே முதல் தடவை. பாட்டைக் குறைக்கச் சொல்லி நர்ஸ் இரண்டு முறை வந்தாள். பாட்டை நிறுத்தி, செயலியைப் பற்றிப் பேசினோம்.

இன்று தேநீர் இடைவேளையில் மேலாளர் டேரன் ஒரு காகிதத்தோடு வந்தான். போன் போதையால் செஃபினாவே விபத்துக்குக் காரணம் என்று நாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவளை வேலையைவிட்டுத் தூக்க அது போதும்.

"அஞ்சு நிமிஷம் போனை விட்டு இருக்க முடியுதா உங்களால? இது ஒரு வியாதி."

"வியாதிதான் டேரன். பரப்புனது யாரு?" என்றாள் தோங்காக்காரி வீகா.

"எங்கிட்டயும்தான் போன் இருக்கு."

"நாளைக்குச் சோறு உண்டா இல்லையான்னு அதுலயா பாக்கறீங்க?"

டேரன் என் பக்கம் திரும்பினான். "நீ போடு, டவிட்டா. உன்கிட்ட புத்தி இருக்கு."

"இருந்தா இங்க ஏன் இருக்கேன்? போட மாட்டேன்."

அவன் சிரித்தான். "உங்க ஆளுங்களை எனக்குத் தெரியும். நீ விட்டா உன் தம்பியே எடுப்பான். இப்பவே பாத்துடலாமா?"

தன் போனைத் தட்டினான். எண்பது போன்களும் மேசைகளில் அதிர்ந்தன. நாளைய வேலை: எண்பது இடம்.

யாரும் தொடவில்லை. வீட்டில் இருக்கும் நாற்பது பேரின் போனும் அதிர்ந்திருக்கும்; அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரையில் மீதி இடம் மாறியது: எழுபத்தொன்பது.

"சொன்னேன்ல?" என்றான் டேரன்.

வீகா தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

எண்பது. எடுத்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டேரன் ஒன்றரை மடங்கு கூலி என்று போட்டான். எண்பது. இரண்டு மடங்கு என்றான். எண்பது.

நாளை வேறு ஆட்களை இறக்கலாம். எங்கள் அத்தனை பேரையும் செயலியிலிருந்து அழிக்கலாம். அக்காவின் வேலை நிற்குமா என்று எனக்கும் தெரியாது. நாங்கள் எழுந்து, தோளோடு தோள் உரச வேலைக்கு நடந்தோம்.

டேரன் அங்கேயே நின்று, கட்டைவிரலால் திரையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.