பென்சில்

பென்சில் இல்லை என்பது தரையிறங்கி அறைக்கு வந்து, பறப்புக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. தொடையில் கட்டும் எழுதுபலகையில் அதைப் பிணைத்திருந்த நூலின் பிய்ந்த முனை மட்டும் தொங்கியது. கடலுக்கு மேல் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டியபோது நழுவியிருக்க வேண்டும்.

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் அது. இருபத்தெட்டு வருடங்கள் ஆகின்றன. எங்கள் கிழக்குக் கரை விமானப்படைத் தளத்தில் ஏறக்குறைய எல்லோரும் குடும்பத்தோடு இரவுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். எதிர் நாற்காலியில் தெங் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். பண்டிகைக் காவல் அவனுக்கு. மறுநாள் விடியற்காலை அதே விமானத்தில் பறக்கப் போகிறவனும் அவன்தான்.

"பென்சில்தானடா? ஏறப்போறவன் நானே கவலைப்படல. வாயை மூடிட்டு வீட்டுக்குப் போ."

"ஸ்டிக்குக்கு அடியில சிக்கிட்டா?"

"சிக்கினா, பேயா உன் பொண்டாட்டி கனவுல வந்து நியாயம் கேக்கறேன். ஆரஞ்சு வேணுமா?"

நான் சிரிக்கவில்லை. விமானத்தைத் திருப்பும் அந்தக் கைப்பிடி இறுகிவிட்டால் தெங் கடலில்தான் விழுவான். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை அது; அதன் வெடிமருந்தைச் செயலிழக்கச் செய்து, இருக்கையைக் கிரேனால் தூக்கி, அடியில் அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். நாலைந்து மணி நேரம். தேட வேண்டியவன் அந்த விமானத்தின் பராமரிப்புப் பொறுப்பாளன் லுவோ.

விமானக் கொட்டகையில் லுவோ சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தான். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, பக்கத்தில் ஒரு பை.

"மூணு மணி பஸ், சார். அதை விட்டா இன்னைக்கு வேற கிடையாது. அப்பா வரச் சொல்லியிருக்கார்."

அந்தக் கடைசி வாக்கியத்தின் எடை எனக்குத் தெரியும். மகன் மீன்பிடிப் படகுக்கு வராமல் விமானப்படையில் சேர்ந்ததும் லுவோவின் அப்பா படகை விற்றுவிட்டார். பிறகு ஆறு வருடம் பேசவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்பினார்: சாப்பிட வரட்டும்.

ஒவ்வொரு பறப்புக்கும் முன் கடலன்னை மாட்சுவிடம் ஒரு வரி வேண்டிக்கொள்வது என் வழக்கம். அன்று தரையில் நின்றபடி வேண்டிக்கொண்டேன். பிறகு லுவோவிடம் பென்சில் விஷயத்தைச் சொன்னேன்.

லுவோ கைகளைத் துடைத்தான். வெளுத்த சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்துப் பையில் வைத்தான். எண்ணெய்க் கறை படிந்த உடுப்பை மறுபடி மாட்டிக்கொண்டான். என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. அவன் தலைகீழாகத் தொங்கித் தேட, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மணிக்குத் தளத்தின் வாசலில் பஸ் நின்று கிளம்பிய சத்தம் இருவருக்கும் கேட்டது. ஆறு மணி சுமாருக்கு, ஸ்டிக்கின் அடிப்பகுதியை ஒட்டிய இடுக்கிலிருந்து இரண்டு விரலால் பென்சிலை உருவினான். மரத்தில் புதிதாக ஒரு தழும்பு. எதுவோ அதை நெருக்கியிருக்கிறது.

"இந்தாங்க சார். எழுதுங்க."

கருவிகளை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "நீங்க சொல்லாம இருந்திருந்தா, நான் இந்நேரம் அங்க நிம்மதியா சாப்பிட்டுட்டு இருப்பேன். நாளைக்குக் காலையில தெங் சார் இதுல ஏறியிருப்பார்."

அவன் ஊர் எழுபது கிலோமீட்டர். என் பழைய மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். ஒலியை முந்திப் பறந்தவன், எதிர்க்காற்றில் நாற்பதைத் தாண்ட முடியாமல் ஓட்டினேன். வலப்புறம் கடல் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து லுவோ, "மெதுவாவே போங்க சார், அவர் தூங்கியிருந்தாலும் பரவாயில்ல" என்றான். அவர் தூங்கியிருந்தால் நல்லது என்றே அவன் நினைத்ததுபோல் இருந்தது. வாழ்நாளில் நான் பறந்த தூரமெல்லாம் மங்கிவிட்டது. அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் இன்னும் நினைவிருக்கிறது.

துறைமுகத்துக்குப் பின்னால் மூன்றாவது வீடு. கதவு திறந்தே இருந்தது. மேசையில் முழு மீன் ஒன்று, யாரும் தொடாமல், குழம்பு உறைந்து கிடந்தது. தூசி விழாதிருக்க இரண்டு கிண்ணங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பெரியவர் எழுந்தார். மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"மீன் ஆறிப்போச்சு" என்றார்.

தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. லுவோ வாசற்படியில் நின்றான். ஒரு காலணியைக் கழற்றியிருந்தான். மற்றதன் கயிற்றைப் பிடித்தபடி குனிந்தே இருந்தான். உள்ளே, முதுகைக் காட்டி நின்ற கிழவரின் தோளுக்கு மேல் ஆவி எழத் தொடங்கியது.