நெற்றிக்கு ஐந்து நாள், முழங்காலுக்குப் பதினான்கு

கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் அவருக்கு, உடன் வேலை செய்வோர் இட்ட பெயர் ஏணியார். அவர் உயரமானவர் அல்லர்; ஏறினால் எளிதில் இறங்கமாட்டார் என்பதே காரணம். தேநீரைக்கூடக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துத்தான் குடிப்பார்.

அவரும் மனைவியும் சென்ற ஸ்கூட்டர் மணலில் சறுக்கியதில், மனைவிக்கு நெற்றியிலும் அவருக்கு வலது முழங்காலிலும் தோல் கிழிந்தது. இருவருக்கும் ஒரே மருத்துவரம்மாள் தையலிட்டார். நெற்றிக்கு முடியிழை போன்ற நைலான். முழங்காலுக்குச் சற்றுத் தடித்தது.

"அவளுக்கு மெல்லிசு, எனக்கு மட்டும் சாக்கு தைக்கிற நூலா டாக்டரம்மா?"

"முகத்துல தழும்பு தெரியக் கூடாதுல்ல? உங்களுது மடங்குற இடம். அந்த மெல்லிசு நூலைப் போட்டா ஒரு தடவை குந்தி எந்திரிச்சாலே அறுந்துடும்."

"தானா கரையுற நூல் இருக்காமே?"

"அது உள்ள போட்டிருக்கேன். மேல இருக்கறதை நாங்கதான் எடுக்கணும். ரெண்டு நாள் கட்டு நனையக் கூடாது. அப்புறம் சோப்புத் தண்ணியில லேசா கழுவி, ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க. சிவந்து வீங்கினாலோ, சீழ் வச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க."

இருவரும் அவ்வாறே நடந்தனர். ஐந்தாம் நாள் மனைவியின் தையல்கள் எடுக்கப்பட்டன. மெல்லிய கோடொன்றே எஞ்சியிருந்தது. ஏணியார் தாமாகவே கால்சட்டையைச் சுருட்டினார்.

"எனக்கும் எடுத்துடுங்க. ரெண்டும் ஒரே நாள்ல போட்டதுதானே?"

"உங்களுக்குப் பதினாலு நாள்."

ஏணியாரின் முகம் வாடிவிட்டது. நான்கு மாடிப் பள்ளிக்கூடம் ஒன்றின் வேலை மறுநாளைக்கு அடுத்த நாள் தொடங்கவிருந்தது. இருபது ஆண்டுகள் பிறருக்குக் கீழ் உழைத்தவருக்கு, ஆறு பேரை நடத்தும் பொறுப்பு அப்போதுதான் முதன்முறையாக வாய்த்திருந்தது.

"நான் போகலைன்னா உன் தம்பிதான் மேஸ்திரி. அவன் பூசின சுவத்துல பெயிண்ட் பட்ட இடத்தைத் தேடணும்."

"என் தம்பியை இழுக்காட்டி உங்களுக்குச் சோறு இறங்காதே! கீழ நின்னு வேலை வாங்குங்களேன்."

ஏணியார் அங்கிருந்தே காண்டிராக்டரைக் கைபேசியில் அழைத்து, கீழே நின்று வேலை வாங்கலாமா என்று கேட்டார். "ஏறாத ஆளு எனக்கு எதுக்குய்யா?" என்ற குரல் மூவருக்கும் கேட்டது.

"எடுத்துடுங்க டாக்டரம்மா. என் காலு, நான் பாத்துக்கறேன்."

மருத்துவரம்மாள் கத்திரிக்கோலைத் தொடவில்லை. "மேலதான் ஒட்டியிருக்கு, உள்ள இன்னும் பலம் வரலை. மெதுவா மடக்குங்க பாப்போம்."

மடக்கினார். நடுவிலிருந்த இரண்டு தையல்களைச் சுற்றித் தோல் வெளுத்து இழுபட்டது. பாதியில் தாமே நிறுத்திக்கொண்டார்.

"ஏணியில ஒரு படிக்கே இதைவிட அதிகமா மடங்கும்," என்றார், எவரும் கேளாமலே. "பிரிஞ்சா?"

"மறுபடி தைக்க முடியாமலும் போகலாம். புண்ணு தானா ஆற மாசக்கணக்காகும்."

"அப்ப இந்த வேலை மட்டுமில்ல, அடுத்ததும் போச்சு," என்றார் மனைவி. இம்முறை அவர் குரலில் கேலி இல்லை.

ஏணியார் கால்சட்டையை இறக்கிவிட்டு, மைத்துனரை அழைத்தார்.

"மச்சான், பள்ளிக்கூட வேலையை நீ ஏத்துக்க. நான் பதினாலாம் நாள் தையல் எடுத்துட்டு, உங்கிட்டயே வேலைக்கு வர்றேன்."